தொழிலாளர் உடல்நலப் பரிசோதனை: புதிதாக இறங்குபவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

தொழிற்சாலையில் உடல்நலப் பரிசோதனை என்றதும் கண்முன் வருவது ஒரு வரிசைதான். உயரம், எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணுக்கு எழுத்துப் பலகை, கடைசியில் ஒரு முத்திரை. அரை நாளில் 300 பேர் முடிந்துவிடுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன், பாதுகாப்பு அலுவலர் எவருக்கும் முதலில் கையில் கிடைப்பது இந்த வரிசைக்கான படிவம்தான். அதில் சர்க்கரை பிடிபடும், பிரஷர் பிடிபடும். மணலிலும் கல்லிலும் உள்ள சிலிக்கா தூசியில் 12 வருடம் நின்றவரின் நுரையீரல் பிடிபடாது. அவர் என்ன வேலை செய்கிறார் என்றே அந்தப் படிவத்துக்குத் தெரியாதே.

எனக்கு இது உறைத்தது ஒரு ஹெல்ப்பரைப் பார்த்தபோது. படிவத்தில் 'ஹெல்ப்பர்' என்று மட்டும் இருந்தது. வயது 34. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். "நேத்து காலையில உள்ள வந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க" என்று கேட்டேன். "வந்ததும் பிளாஸ்டிங் ரூமைச் சுத்தம் பண்ணணும் சார். துடைப்பத்துக்கு வராது. ஏர் ஹோஸை வெச்சு ஊதி மூலைக்குத் தள்ளி அள்ளிடுவேன்." முகத்துக்கு என்ன போடுவீர்கள் என்றதற்கு, "துண்டு கட்டிக்குவேன்" என்றார். அந்த அறையில் மணல் பீய்ச்சுகிறவருக்குக் காற்றுக்குழாய் பொருத்திய தலைக்கவசம் உண்டு, எக்ஸ்ரேவும் தவறாமல் எடுத்தார்கள். அதே மணலை மறுபடி காற்றில் ஊதிக் கிளப்பியவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆகவே கருவிகளை வாங்குவதற்கு முன்னால், முகாமுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால், செய்ய வேண்டியது வேறு.

முதலில் ஷெட்டுக்குள் நடங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூலப்பொருள் இறங்கும் இடத்தில் தொடங்கி, சரக்கு வெளியே போகும் வாசல் வரை, வேலை நகரும் வரிசையிலேயே நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: இங்கே காற்றில், கையில், காதில் என்ன படுகிறது, எத்தனை பேர்மீது படுகிறது, ஒரு நாளில் எவ்வளவு நேரம்.

கண்ணும் காதும் மூக்கும் நிறையச் சொல்லும். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கக்கூடும், அளந்து பாருங்கள். மேலே உத்தரத்திலும் விளக்கின் தலையிலும் தூசி படிந்திருந்தால் அது காற்றில் மிதந்துதான் அங்கே போயிருக்கிறது. ஆனால் மூக்கை ரொம்பவும் நம்ப வேண்டாம். சில கரைப்பான்களின் வாடை கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. நுரையீரலின் அடிவரை போகிற தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. ரசாயனம் எதைப் பார்த்தாலும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டப்பாமேல் 'தின்னர்' என்று எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே டொலுயீனா, வேறு கலவையா என்பதைப் பொறுத்துத்தான் பரிசோதனையே மாறும்.

பகல் ஷிஃப்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரவில் ஜன்னலை மூடுவார்கள், எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்துவார்கள். பராமரிப்பு நாளில் மற்ற நாளெல்லாம் மூடியே இருக்கும் தொட்டியைத் திறப்பார்கள். துப்புரவுப் பணியாளர், ஃபிட்டர், ஒப்பந்தத் தொழிலாளர் இவர்கள்மீது படுவது பெரும்பாலும் நிரந்தர ஆபரேட்டரைவிட அதிகம், பட்டியலில் இருப்பதோ குறைவு. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து கேளுங்கள்

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி சக மருத்துவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'என்ன தொழில் செய்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள். முந்நூறு வருடம் கழிந்தும் பல படிவங்களில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பதவிப் பெயரை எழுதினால் அது நிரம்பிவிடும். பதவிப் பெயர் சம்பளப் பட்டியலுக்குப் போதும். நமக்கு வேண்டியது செய்கிற காரியம்.

'நேற்று என்ன செய்தீர்கள்' என்பதில் தொடங்கினால் பேச்சு தானாக வரும். இதற்கு முன் எங்கெல்லாம் வேலை பார்த்தார், எத்தனை வருடம் என்று பின்னோக்கிப் போங்கள். கல்நார் எனும் ஆஸ்பெஸ்டாஸ் ஏற்படுத்தும் மீசோதீலியோமா புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம் ஆகும் என்பதால், இன்றைய வேலையைவிட இருபது வயதில் பார்த்த வேலைதான் முக்கியமாக இருக்கலாம். வேலை முடிந்தபின் வேறெங்காவது வெல்டிங்கோ பெயின்டிங்கோ செய்கிறாரா, வேலை உடுப்பை வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஈயத் தூசியும் கல்நார் இழையும் உடுப்போடு வீட்டுக்குப் போகும்.

இரண்டு கேள்விகளை மட்டும் எவருக்கும் விடாதீர்கள். ஒன்று, "லீவு நாள்ல இது எப்படி இருக்கு?" பஞ்சாலைத் தூசியால் வரும் பிஸினோசிஸில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு இறுகும், அதனால்தான் ஆங்கிலேயர் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றார்கள். தொழில்சார் ஆஸ்துமாவும் அரிப்புப் புண்ணும் பல நேரம் விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் கிளம்பும். இரண்டாவது, "உங்க செக்ஷன்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" இதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தப் பரிசோதனை, யாருக்கு?

நோட்டுப் புத்தகம் இப்போது நிரம்பியிருக்கும். அதிலிருந்து ஒரு அட்டவணை போடுங்கள்: இடதுபுறம் அபாயம், நடுவில் அதற்கு ஆளாகும் நபர்களின் பெயர், வலதுபுறம் அந்த அபாயம் தாக்கும் உறுப்பு, அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை. சத்தத்துக்குக் காதுப் பரிசோதனை. தூசிக்கும் புகைக்கும் கேள்வித்தாளோடு, குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி, சிலிக்காவும் கல்நாரும் என்றால் கூடவே நெஞ்சு எக்ஸ்ரே. ஈயத்துக்கு ரத்தம். கரைப்பான்களுக்குச் சிறுநீர். பூச்சிமருந்து கலப்பவருக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவு, அதுவும் வேலையில் இறங்குவதற்கு முன்னால் எடுத்த அவருடைய சொந்த அளவு கையில் இருந்தால்தான் பயன். அதிரும் கருவி பிடிப்பவரிடம் குளிரில் விரல் வெளுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். சிமென்ட், ஆயில், பிசின் தொடுபவருக்கு ஒரு கருவியும் வேண்டாம்; இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட.

'எல்லாருக்கும் எல்லா டெஸ்ட்' என்ற பேக்கேஜை நான் ஒப்புக்கொள்வதில்லை. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே உதைக்கும். 1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிற, நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிற ஒரு நல்ல பரிசோதனை நம்மிடம் இருக்கிறது. அது நோயுள்ள 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, 'கோளாறு' என்று கடிதம் வாங்கிய 108 பேரில் 99 பேர் வீணாகத் தூக்கம் கெட்டவர்கள். அபாயத்துக்கு ஆளானவர்களுக்கு மட்டும் செய்தால் நோயுள்ளவர் விகிதம் கூடும், வீண் பயம் குறையும். முதுகு எக்ஸ்ரே எடுத்து மூட்டை தூக்குபவரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. யாருக்கு முதுகுவலி வரும் என்பதை அந்தப் படம் சொல்லாது, கதிர்வீச்சுதான் மிச்சம்.

காது

காதுப் பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். முதலாவது, ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே வருவது. சத்தத்தில் நின்ற காது சில மணி நேரத்துக்கு மந்தமாக இருக்கும். அதை நிரந்தர இழப்பு என்று எழுதிவிடுவோம். முதல் அடிப்படைப் பதிவுக்கு முன் 14 மணி நேரமாவது பெரும் சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். அதாவது, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் எடுங்கள். இரண்டாவது, பரிசோதிக்கும் அறை. 'அமைதியான ரூம்' என்று காட்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும். அந்த அறையில் எல்லாருக்கும் 500 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியில் இழப்பு தெரிந்தால் காதைச் சந்தேகிக்காதீர்கள், சுவரைச் சந்தேகியுங்கள்.

முதலில் காதுக்குள் பார்த்து, அழுக்கு அடைத்திருந்தால் அதைக் கவனித்துவிட்டுத் தொடங்குங்கள். 500, 1000, 2000, 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாக. சத்தத்தால் கெட்ட காதின் கோடு 3000-க்கும் 6000-க்கும் நடுவே, பெரும்பாலும் 4000-இல், பள்ளத்தில் இறங்கி 8000-இல் மறுபடி ஏறும். வயதால் தேய்ந்த காது 8000-இல் ஏறாமல் சரிந்துகொண்டே போகும். 4000-இல் இழப்பு உள்ளவர் சாதாரணப் பேச்சை நன்றாகவே கேட்பார். 'எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது' என்று அவர் சொல்வது பொய்யில்லை. அவருக்கே தெரியாத கட்டத்தில் பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை.

அடுத்த வருடம் அவருடைய பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2000, 3000, 4000 மூன்றின் சராசரி 10 டெசிபல் இறங்கியிருந்தால் அமெரிக்க விதிகள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கின்றன. புதிய தாள் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே இருந்தாலும் இது பொருந்தும். ஒரு வார்த்தை சத்தத்தைப் பற்றியும்: 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணிதான். 'ஒன்பது டெசிபல்தானே கூட' என்று சூப்பர்வைசர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூச்சு

ஸ்பைரோமெட்ரியில் கருவியைவிட, ஊதச் சொல்லும் ஆளின் குரல் முக்கியம். காலையில் முதல் வேலையாக 3 லிட்டர் சிரிஞ்சை வைத்துக் கருவி சரியாக அளக்கிறதா பாருங்கள். தொழிலாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, பெல்ட் இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்லி, மூக்குக்கு கிளிப் மாட்டி, நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும், உதட்டால் குழாயைச் சுற்றி இறுக்க வேண்டும், தயங்காமல் வெடித்தாற்போல ஊத வேண்டும், காற்று தீர்ந்தது என்று தோன்றிய பிறகும் விடாமல் ஊத வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். 'ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இருக்கு, விடாதீங்க' என்று நீங்கள் கூடவே கத்த வேண்டும். நாள் முடிவில் உங்கள் தொண்டை கட்டவில்லை என்றால் பரிசோதனையைச் சந்தேகிக்கலாம்!

ஏற்கத்தக்க ஊதல் மூன்றாவது வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். வரைகோட்டைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். கோட்டின் நடுவே பல் போல ஒரு வெட்டு விழுந்தால் இருமியிருக்கிறார். உச்சி மழுங்கியிருந்தால் தயங்கி ஊதியிருக்கிறார். திடீரென்று செங்குத்தாக முடிந்தால் நிறுத்திவிட்டார். எனக்குக் கிடைத்த ஒரு பழைய அறிக்கைக் கட்டில் பாதிப் பேருக்கு 'நுரையீரல் சுருக்கம்' என்று அச்சாகியிருந்தது. கோடுகளைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் இரண்டு விநாடியில் குழாயை எடுத்திருந்தார்கள். நோய் ஊதவைத்த அவசரத்தில் இருந்தது.

முதல் விநாடியில் வெளியேறும் காற்று, வயதானால் புகைபிடிக்காதவருக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் குறையும். அதைவிட வேகமாகக் குறைகிறவரைக் கவனியுங்கள். நல்ல உடற்கட்டுள்ளவர், அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 110 சதவீதத்தில் தொடங்கி 90-க்கு இறங்கினாலும் கருவி 'நார்மல்' என்றுதான் அச்சடிக்கும். தொழில்சார் ஆஸ்துமா சந்தேகம் என்றால், சோதனைக் கூடத்தில் ஒருமுறை ஊதவைத்து 'இல்லை' என்று முடிக்காதீர்கள். ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தினம் நான்கு முறையாவது ஊதி எழுதிவரச் சொல்லுங்கள். ஸ்பிரே பெயின்டில் உள்ள ஐசோசயனேட், மாவுத் தூசி, மரத்தூள் இவற்றோடு புழங்குபவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

எக்ஸ்ரே பற்றிச் சுருக்கமாக. தூசியால் வரும் நுரையீரல் நோயைப் படிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு வகைப்பாடும் அதற்கான மாதிரிப் படங்களும் வைத்திருக்கிறது, 12 படிகள். அதில் பழகிய இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது நல்லது. சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். காசநோய் மருந்து சாப்பிட்டும் தேறாதவர் என்று வரும் கல் வெட்டும் தொழிலாளியிடம் இரண்டையும் தேடுங்கள். செயற்கைக் கல் பலகைகளை அறுப்பவர்களுக்குச் சில வருடங்களிலேயே சிலிகோசிஸ் முற்றுகிறது. ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பி சி.டி. ஸ்கேனில்தான் தெரிகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

ரத்தமும் சிறுநீரும்

இங்கே தப்பு நடப்பது ஆய்வகத்தில் குறைவு, மாதிரி எடுக்கும் இடத்தில் அதிகம். ஈயத்துக்கு ரத்தம் எடுக்கும்போது தோலில் ஒட்டிய தூசியே அளவைத் தூக்கிவிடும். வேலை உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கையையும் முழங்கையையும் கழுவிவிட்டு, பட்டறைக்கு வெளியே வைத்து, இதற்கென்றே வரும் குழாயில், விரலில் குத்தாமல் நாளத்திலிருந்து எடுங்கள். சிறுநீரில் நேரம்தான் எல்லாம். டொலுயீன், பென்சீன் போன்றவை சீக்கிரம் வெளியேறிவிடும். ஷிஃப்ட் முடியும்போது எடுக்க வேண்டும். காலையில் வசதியாக எடுத்துவைத்த மாதிரியில் ஒன்றும் இருக்காது, 'பிரச்சினை இல்லை' என்று கோப்பு மூடப்படும்.

சட்ட வரம்பையும் உடல்நல வரம்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈயத்துக்கான 1978-ஆம் ஆண்டு அமெரிக்க விதி, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வந்தால் ஆளை வேலையிலிருந்து விலக்கச் சொன்னது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. 35 உள்ள ஒருவரிடம் 'லிமிட்டுக்குள்ளதான்' என்று சொல்லி அனுப்பினால் பழைய விதியைக் காப்பாற்றியிருப்போம், அவரை அல்ல.

முடிவு வந்தபின்

கோளாறு தெரிந்தவருக்கு முதலில் மறுபடி ஒருமுறை செய்யுங்கள், உறுதியானால் நிபுணரிடம் அனுப்புங்கள். முடிவை அவரவரிடம் நேரில், அவருக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது 'இந்த வேலைக்குத் தகுதி, இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி, தற்போது தகுதியில்லை' என்ற அளவுக்குத்தான். நோயின் பெயர் அவருக்கும் மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும். 'பாத்தா வேலை போயிடும்' என்ற பயம் இருக்கும்வரை எவரும் வாயைத் திறக்க மாட்டார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் ஆண்டு 161-ஆவது உடன்படிக்கை, பரிசோதனைக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது, சம்பளம் பிடிக்கக் கூடாது, முடிந்தவரை வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும் என்கிறது. இதை எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இனி தனி ஆள்களை விட்டுவிட்டு, பெயர்களை மறைத்து, முடிவுகளை செக்ஷன் வாரியாக அடுக்குங்கள். இந்த ஒரு தாளுக்குத்தான் இத்தனை பாடும். 1977-இல் கலிஃபோர்னியாவில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, சமீபத்தில் யாருக்குமே குழந்தை பிறக்கவில்லை என்பது தட்டுப்பட்டது. பரிசோதித்தால் பலருக்கு விந்தணு குறைவு, சிலருக்கு அறவே இல்லை. டி.பி.சி.பி. என்ற பூச்சிமருந்துதான் காரணம். ஒவ்வொருவராகத் தனித்தனி டாக்டரிடம் போயிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் குறையாகவே நின்றிருக்கும். உங்கள் தாளிலும் மூன்றாம் பிரஸ்ஸைச் சுற்றி நிற்கும் ஆறு பேரில் நான்கு பேருக்குக் காது இறங்கியிருந்தால், அந்தப் பிரஸ்ஸுக்குத்தான் வைத்தியம். மூடி போடலாமா, அதிர்வுத் தாங்கி வைக்கலாமா, வேறு முறைக்கு மாறலாமா என்று இன்ஜினியரோடு உட்காருங்கள். இயர் பிளக் கடைசியில்தான் வரும். நால்வரையும் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு வேறு நால்வரை நிறுத்தினால், அடுத்த வருடம் எட்டுக் காதுகள் கூடுதலாகக் கெட்டிருக்கும்.

வராதவர்கள்

முகாம் முடிந்த மாலை, வந்தவர்கள் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். வராதவர்கள் யார்? நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பவர், இரவு ஷிஃப்ட், போன மாதம் 'முடியல' என்று வேலையை விட்டவர். முடியாதவர்கள் போய்விடுவதால், மிச்சம் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் எந்தத் தொழிற்சாலையும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். இன்னொரு நாள் ஒதுக்கி அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

சிலிகோசிஸ் தூசியைவிட்டு விலகிய பிறகும் தோன்றும், வளரும். அதனால் வேலையைவிட்டுப் போகிறவர் எவரானாலும் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, எந்த செக்ஷன், என்ன காரியம், எந்தத் தூசி அல்லது ரசாயனம், கடைசிக் காது, மூச்சு, எக்ஸ்ரே முடிவுகள். கீழே ஒரு வரி: 'எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் காட்டவும்.' லேமினேட் செய்து கொடுத்தால் இன்னும் நல்லது. அவர் அதை எடுத்துக் காட்டவேண்டிய நாள் வருவதற்கு இருபது வருடம் ஆகலாம்.